பரணில் இருக்கும் புத்தகங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 63 வயது. மயிலாடுதுறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, வரும் தை மாதம் பெங்களூரில் உள்ள மகன் வீட்டுக்குப் போக இருக்கிறேன். பாத்திரம் பண்டங்களைப் பிரித்துக் கொடுப்பது எளிதாகவே முடிந்தது. பரணில் மூன்று டிரங்குப் பெட்டிகளும் நான்கு அட்டைப் பெட்டிகளும் நிறைய என் பிள்ளைகளின் சிறுவயதுப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றின் முன்னால்தான் கை ஓடவில்லை. அம்புலிமாமா, பூந்தளிர், கோகுலம், ரஷ்யக் கதைப் புத்தகங்கள், நாளிதழோடு வந்த சிறுவர் மலரைச் சேர்த்து நானே ஊசி நூலால் தைத்து வைத்த தொகுப்புகள் என நானூறுக்குக் குறையாது.

மகனிடம் கேட்டேன். "எடைக்குப் போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டான். கனடாவில் இருக்கும் மகள், "எடுத்து வை, வந்து பார்க்கிறேன்" என்று ஒன்பது ஆண்டுகளாகச் சொல்கிறாள். மூன்று முறை வந்தும் பெட்டியைத் திறக்கவில்லை. ஆறு வயதுப் பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என் கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் பிள்ளையின் பெயரையும் வாங்கிய தேதியையும் ஊரையும் மைப்பேனாவால் எழுதி வைப்பது அவர் வழக்கம். கொடுப்பதானால் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளலாமா? சரஸ்வதி பூஜைக்கு அடுக்கி வைத்துக் கும்பிட்ட புத்தகங்களைத் தராசில் ஏற்றுவது பாவம் இல்லையா?

பெயர் வெளியிட வேண்டாம்,
மயிலாடுதுறை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொன்ன ஒரு சொல் உங்களைப் புண்படுத்தியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அதைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் அந்தக் கதைகளை எடைக்குப் போடச் சொல்லவில்லை. கதை அவரிடம் இருக்கிறது. புத்தகம்தான் உங்களிடம் இருக்கிறது. ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் விலை பார்த்து வாங்கியது, காக்கி அட்டை போட்டது, தூக்கம் வந்த கண்ணோடு இரவில் நாற்பதாவது முறையாக அதே பக்கத்தைப் படித்துக் காட்டியது, மறுநாள் கட்டிலடியிலிருந்து எடுத்து அடுக்கியது எல்லாம் நீங்களும் உங்கள் கணவரும். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு அட்டையின் நிறம்கூட நினைவிருக்க வேண்டிய தேவையில்லை. என் மகளுக்கு நான் நூறு முறையாவது படித்துக் காட்டியிருக்கக்கூடிய ஓநாய்க் கதைப் புத்தகம் ஒன்றை, அவளுக்கு முப்பது வயதானபோது எடுத்துக் காட்டினேன். புத்தகத்தை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "ஓநாய் பேசும்போது மட்டும் நீங்கள் சட்டென்று குரலைத் தாழ்த்துவீர்கள், நான் போர்வைக்குள் போய்விடுவேன்" என்றாள். ஓநாய் அவளிடம் பத்திரமாகத்தான் இருந்தது.

ஆகவே இவற்றைப் பிள்ளைகளின் புத்தகங்கள் என்று நீங்கள் சொல்லிவருவதைத்தான் நான் மாற்றச் சொல்வேன். அவர்களுடையவை என்று நினைப்பதால்தான் அவர்கள் அனுமதிக்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருக்கிறீர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் உங்களையே வேண்டாம் என்றதுபோல் வலிக்கிறது. இவை உங்கள் புத்தகங்கள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது என்பதை உங்கள் விருப்பத்தை வைத்தே தீர்மானியுங்கள்.

மகளிடம் மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். "புத்தகமெல்லாம் வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால், தொலைவில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் "எடுத்து வை" என்றுதான் சொல்வார்கள். அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். அயல்நாட்டில் வாழ்கிற பிள்ளைக்குத் தன் குழந்தைப் பருவம் எங்கோ ஓரிடத்தில் அப்படியே இருக்கிறது என்ற நிச்சயம் தேவைப்படுகிறது. உங்கள் பரண்தான் அவருக்கு அந்த முகவரி. வீடே கைமாறப் போகிறது என்பதை அவர் இன்னும் மனத்தில் வாங்கிக்கொண்டிருக்க மாட்டார். ஒரு நாளைக்குப் பத்துப் புத்தகம் என்று அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பி, நாற்பது நாளில் முடித்து, கடைசி நாள் ஒன்றையும் சொல்லிவிடுங்கள். படத்தைப் பார்த்ததும் அவர் கேட்கப்போவது எனக்குத் தெரிந்தவரை ஐந்தாறு புத்தகங்களைத்தான்.

உங்களுக்கென்று எட்டோ பத்தோ எடுத்து வையுங்கள். பிள்ளைகள் எதை அதிகம் விரும்பினார்கள் என்று பார்க்காமல், உங்களுக்கு இப்போதும் வாய்விட்டுப் படிக்கப் பிடித்தது எது என்று பார்த்து எடுங்கள். பேத்திக்குத் தமிழ் படிக்க வராது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் மகனுக்கும் நான்கு வயதில் படிக்க வராது. நீங்கள் படித்தீர்கள், அவர் கேட்டார். பேச்சுத் தமிழ் புரிகிற குழந்தைக்குக் கேட்பதற்கு வேறு தகுதி எதுவும் வேண்டியதில்லை. அம்புலிமாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1947-இல் தொடங்கிய அந்த இதழில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன், ஒரு கையில் உருவிய வாளும் தோளில் சவமுமாகப் பல பத்தாண்டுகள் நடந்துகொண்டே இருந்தான். ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் முடிகிறது. ராஜா வாயைத் திறந்து பதில் சொன்னதும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுகிறது. இரவுக்கு ஒரு கதை படித்து, கேள்வி வந்த இடத்தில் நிறுத்தி, "நீ என்ன சொல்வாய்?" என்று பேத்தியைக் கேட்டுப் பாருங்கள். பெங்களூர் வீட்டில் உங்களுக்கென்று ஓர் அலமாரித் தட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

இனி, பாவம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஊரில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த நாட்களைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியர் வைத்திருந்த ஏடுகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு அங்கே போனார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்பதால், குழி வெட்டித் தீ வளர்த்து, நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டோம் என்று அவரிடம் சொன்னார்கள். ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட குடும்பங்களைப் பற்றியும் அவர் எழுதுகிறார். அவர்கள் யாரும் புத்தகத்தை வெறுத்தவர்கள் அல்லர். புனிதம் என்று கருதியதால் கண்ட இடத்தில் போட மனம் வரவில்லை. படிக்க ஆளில்லாததால் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. காலில் பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் பழக்கத்தை நான் மதிக்கிறேன். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனாலும் ஒரு புத்தகத்துக்கு நாம் செய்யக்கூடிய பெரிய குற்றம், படிக்கக் கூடிய பிள்ளை அடுத்த தெருவில் இருக்க, அது பரணில் இராமபாணப் பூச்சிக்கு இரையாக விடுவதுதான். பொடிந்துபோனதைத் தராசில் ஏற்றுவதில் ஒரு குற்றமும் இல்லை.

இந்தக் குற்றத்தை நானும் ஒரு முறை செய்திருக்கிறேன், கொடுப்பதாக நினைத்துக்கொண்டு. பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான்கு பெட்டி நிறையச் சிறுவர் நூல்களை ஒரு பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றி சொன்னார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கம் போனபோது உள்ளே போய்க் கேட்டேன். எல்லாம் ஓர் இரும்பு பீரோவில் இருந்தன. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்று பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவியைத் தேடிக் கொண்டுவந்து திறந்தபோது, சுவர் ஓதத்தில் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்போல் ஆகியிருந்தன. ஒரு படப் புத்தகத்தை விரலால் பிரிக்கப் பார்த்தேன். யானையின் படம் பாதி இந்தப் பக்கத்திலும் பாதி அந்தப் பக்கத்திலுமாக உரிந்து வந்தது. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் ஒரு நிறுவனத்தின் வாசலில் நான்கு பெட்டிகளை இறக்கினேனே ஒழிய, படிக்கக் கொடுக்கக்கூடிய ஓர் ஆளைத் தேடவில்லை.

அதற்குப் பிறகு ஆளைத் தேடித்தான் கொடுக்கிறேன். நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை ஒருவரிடம் இருபது புத்தகங்கள் கொடுத்தேன். அவர் வகுப்பறையில் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் புத்தகங்களை விரித்துத் தொங்கவிட்டார். மதிய உணவு முடிந்ததும் பிள்ளைகள் இழுத்து எடுத்துப் படித்தார்கள். ஓராண்டில் ஏழு கிழிந்தன. அடுத்த இருபதைக் கொடுத்தேன். நீங்களும் நானூறையும் ஒரே இடத்தில் இறக்காதீர்கள். உங்கள் ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கதை சொல்லும் ஆசிரியர் யார் என்று விசாரியுங்கள், பெற்றோர்களுக்குத் தெரிந்திருக்கும். கிளை நூலகரிடமும் பேசுங்கள். சென்னை மாகாணத்துக்கு 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்ததால் நம் ஊர்களில் கிளை நூலகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் சிறுவர்கள் உட்கார்ந்து படிக்க இடம் இருக்காது. நேரில் போய், சிறுவர் பகுதியில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்த்த பிறகு கொடுங்கள்.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் நிழலில் விரித்து இரண்டு நாள் காற்றாட வையுங்கள். வெயிலில் காயவைத்தால் தாள் முறுகும். பூச்சியோடு போகும் ஒரு புத்தகம் அங்கிருக்கும் நூற்றைக் கெடுக்கும். பக்கங்களைப் புரட்டும்போது மெதுவாகப் புரட்டுங்கள். தேர்வு அட்டை, பேருந்துச் சீட்டு, குட்டி போடும் என்று நம்பி வைத்த மயிலிறகு என்று எதுவும் இருக்கலாம்.

பழைய இதழ்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள். வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிர் இன்று அச்சில் இல்லை, அம்புலிமாமாவும் இல்லை. செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் காரணமாகப் பழுத்து நொறுங்கும். பின்கள் துருப்பிடித்து நடுத்தாளை அரிக்கும். பிள்ளைகள் கையில் அவை ஒரு மாதம் தாங்கா. ஆனால் ஆய்வாளர்களுக்கு அவை அரியவை. இதழின் பெயர், மாதம், ஆண்டு என்று ஒரு பட்டியல் எழுதி, சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பி, தேவையா என்று கேளுங்கள். கேட்காமல் பெட்டியை அனுப்ப வேண்டாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவற்றை அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியும், தமிழ்நாட்டை விட்டு எடுத்துப் போகாமல் 1994-இல் தொடங்கப்பட்ட நூலகம் அது. நீங்கள் தைத்த சிறுவர் மலர்த் தொகுப்புகளையும் பட்டியலில் சேருங்கள். நாளிதழ் இணைப்புகளைப் பெரும்பாலான வீடுகளில் அலமாரித் தட்டில் விரித்து முடித்துவிட்டார்கள்.

ரஷ்யப் புத்தகங்கள் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மலிவு விலையில் வந்தவை. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. கெட்டி அட்டையும் நல்ல தையலும் உள்ளவை இன்னும் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். இவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே கொடுங்கள். பழைய பொது அறிவு நூல்களையும் தேசப்படங்களையும் மட்டும் கொடுக்காதீர்கள். கலைந்துபோன நாடு அவற்றில் ஒரே நாடாக இருக்கும். 2006-இல் கோள்களின் வரிசையிலிருந்து எடுக்கப்பட்ட புளூட்டோ ஒன்பதாவதாக இருக்கும். அவை எடைக்குப் போகட்டும்.

கடைசியாக, உங்கள் கணவர் எழுதிய பக்கங்கள். அவற்றைக் கிழிக்க வேண்டாம். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்களில் முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே காகிதத்தின் இரண்டு பாதிகள். முதல் பக்கத்தைக் கிழித்தால் சில நாளில் கதையின் முடிவு கழன்று விழும். திருவல்லிக்கேணி நடைபாதையில் நான் வாங்கிய ஒரு புத்தகத்தில் யாரோ ஒரு சிறுமியின் பெயர், நீல மையில், பெரியவர் ஒருவரின் நிதானமான கையெழுத்தில் இருந்தது. என் மகள் அந்தச் சிறுமிக்கு ஒரு வீடும் ஒரு நாய்க்குட்டியும் கற்பித்துக்கொண்டு, படிக்கும்போதெல்லாம் அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினாள். கயிற்றில் தொங்கிய முதல் இருபதில் அந்தப் புத்தகமும் ஒன்று.

உங்கள் கணவரின் எழுத்துள்ள பக்கங்களை எல்லாம் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி வரிசையில் அடுக்கினால் எந்த ஆண்டு எந்த ஊருக்குப் போனீர்கள் என்பது முழுக்க அதில் இருக்கும். அதை மகளுக்கும் மகனுக்கும் அனுப்புங்கள். அவர் கையெழுத்து மிக அழகாக விழுந்திருக்கும் ஒரு புத்தகம் நீங்கள் எடுத்து வைக்கும் பத்தில் இருக்கட்டும். துலா முழுக்குக்குக் கூட்டம் வரத் தொடங்கும் ஐப்பசியில் உங்கள் ஊரில் மழை பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்பே பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். நீங்கள் ஏற வேண்டாம். ஆள் வைத்து இறக்குங்கள்.

அன்புடன்.