பழைய ஆண்ட்ராய்டு போனில் லினேஜ் ஓஎஸ் போட்டுப் பார்க்கலாமா? வங்கிச் செயலிகள் ஓடுமா? போன் செத்துப் போக வாய்ப்பு உண்டா?

தாராளமாகப் போடலாம். லினேஜ் ஓஎஸ் என்பது கம்பெனி தந்த ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக நாமே ஏற்றிக்கொள்ளும் இலவச ஆண்ட்ராய்டு வடிவம். ஆனால் யூபிஐயும் வங்கிச் செயலியும் இருக்கிற ஒரே போனில் கை வைக்காதீர்கள். மேசை டிராயரில் சும்மா கிடக்கும் இரண்டாவது போன்தான் இதற்குச் சரியான ஆள்.

வங்கிச் செயலி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். போனின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்று செயலிகள் அறிய உதவும் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையில் பேசிக், டிவைஸ், ஸ்ட்ராங் என மூன்று படிகள். பூட்லோடர் (போன் எந்த மென்பொருளில் எழலாம் என்று தீர்மானிக்கும் தொடக்க நிரல்) திறந்த நிலையில் லினேஜ் ஓடும் போன், இயல்பாக டிவைஸ் படியைத் தாண்டாது. எந்தச் செயலி எந்தப் படியைக் கேட்கும் என்பது அதை வெளியிடும் நிறுவனத்தின் முடிவு. அதனால்தான் ஒரே செயலியை ஒருவர் ஓடுகிறது என்பார், ஆறு மாதம் கழித்து இன்னொருவர் ஓடவில்லை என்பார். மேஜிஸ்க் (போனின் உள் அமைப்பை மாற்ற உதவும் கருவி) மாட்யூல் போட்டு ஏமாற்றும் வழிகள் உண்டு. 2025 மே மாதம் ஆண்ட்ராய்டு 13உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் உள்ள போன்களுக்கு இந்தச் சோதனையை கூகுள் போனுக்குள் இருக்கும் ஹார்டுவேர் சாவியோடு கட்டிவிட்டதால், அந்த வழிகள் அடிக்கடி உடைகின்றன. பணம் புழங்கும் போனில் அந்தப் பூனை எலி விளையாட்டு தேவையில்லை.

யூபிஐயை இன்னொரு போனில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பதிவின்போது அந்தப் போனிலிருந்தே எஸ்எம்எஸ் போகும், ஆகவே வங்கியில் பதிந்த சிம் அதில்தான் இருக்க வேண்டும். லினேஜ் போனுக்கு வேறு சிம் அல்லது வெறும் வைஃபை.

அடுத்தது போன் தேர்வு. லினேஜின் சாதனப் பட்டியலில் உங்கள் போனின் குறியீட்டுப் பெயரைத் தேடுங்கள், விற்பனைப் பெயரை நம்பாதீர்கள். ரெட்மி நோட் 7க்கு ‘லாவெண்டர்’, நோட் 7 புரோவுக்கு ‘வயலட்’. பெயரில் ஒரு சொல்தான் கூடுதல், உள்ளே சிப்பே வேறு. மாற்றிப் போட்டால் பெரும்பாலும் ரிகவரியே (மென்பொருள் ஏற்றவும் அழிக்கவும் போனில் உள்ள தனி நிலை) ‘இந்தக் கோப்பு வேறு சாதனத்துக்கானது’ என்று நிறுத்திவிடும், ஆனால் அதை நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது. பட்டியலில் இல்லாத போனுக்கு டெலிகிராம் குழுக்களில் கிடைக்கும் ‘அன்அபிஷியல்’ கோப்புகளை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள்.

பூட்லோடரைத் திறப்பதுதான் உண்மையான தடை. பிக்சலும் பழைய ஒன்பிளஸும் எளிது. ஷாவ்மியில் மி கணக்கைப் போனோடு இணைத்து, அவர்களுடைய அன்லாக் கருவியில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். 168 மணி நேரம் என்பது வழக்கமான காத்திருப்பு, அவர்களுடைய புதிய மென்பொருளான ஹைப்பர் ஓஎஸ் வந்தபின் விதிகள் இன்னும் இறுகிவிட்டன. ஹுவாவே 2018லேயே அன்லாக் குறியீடு தருவதை நிறுத்திவிட்டது. சாம்சங்கில் திறந்து வேறு மென்பொருள் ஏற்றினால் நாக்ஸ் ஃபியூஸ் (மாற்றம் நடந்ததை நிரந்தரமாகப் பதிந்துவிடும் அடையாளம்) எரிந்துவிடும். பின்னர் கம்பெனி மென்பொருளுக்குத் திரும்பினாலும் செக்யூர் ஃபோல்டர் (தனிப்பட்ட கோப்புகளைப் பூட்டி வைக்கும் வசதி) திரும்ப வராது.

திறக்கும் நொடியில் போனில் உள்ள அத்தனையும் அழியும். படங்களை எல்லோரும் எடுத்து வைத்துவிடுவார்கள், மறப்பது வேறு இரண்டை. ஒன்று, ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலி. இன்னொன்று வாட்ஸ்அப். கூகுள் இல்லாமல் லினேஜ் போடப் போகிறீர்கள் என்றால் டிரைவில் இருக்கும் பேக்கப் பயன்படாது, போனுக்குள் இருக்கும் வாட்ஸ்அப் ஃபோல்டரை முழுதாகக் கணினிக்கு நகலெடுங்கள். சாதனப் பக்கத்தில் குறிப்பிட்ட ஆண்ட்ராய்டு பதிப்பு வரைக்கும் கம்பெனி அப்டேட்டையும் முடித்துவிடுங்கள். மோடம் முதலானவற்றின் ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் அடிமட்ட மென்பொருள்) அதிலிருந்துதான் வருகிறது. பல போன்களின் லினேஜ் கோப்பில் அது இருக்காது.

இனி வேலை. செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங், யுஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் இயக்குங்கள். முதலாவது மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் நெட் இணைப்பு கொடுத்துப் பாருங்கள். அமெரிக்காவில் வெரைசான் விற்ற பிக்சல் என்றால் அது திறக்காது, செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் காசு கொடுக்கும் முன் இதைச் சோதிக்க வேண்டும். பிறகு போனை, கணினியின் கட்டளைகளை ஏற்கும் ஃபாஸ்ட்பூட் நிலைக்குக் கொண்டுபோய், கணினியிலிருந்து ‘ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் அன்லாக்’ கட்டளை (ஷாவ்மிக்கு அவர்களுடைய கருவிதான்). ‘வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்’ என்று திரை அப்படியே நின்றால் போனில் கோளாறு இருக்காது. விண்டோஸ் டிரைவர், அல்லது கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய இருக்கின்றன. யுஎஸ்பி 3 போர்ட்டில் தகராறு செய்யும் போன் யுஎஸ்பி 2 போர்ட்டில் சமர்த்தாக இருக்கும்.

அடுத்து லினேஜ் ரிகவரி. ரெட்மி நோட் 7 போன்றவற்றில் ரிகவரிக்குத் தனிப் பார்ட்டிஷன் (சேமிப்பகப் பகுதி) உண்டு. ஒன்பிளஸ் 6, பிக்சல் 3ஏ போன்ற ஏ/பி வகைப் போன்களில் (மென்பொருளுக்கு இரண்டு ஸ்லாட், அதாவது இரட்டை இடம், உள்ளவை) அது பூட் பார்ட்டிஷனுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே எந்தக் கோப்பு எங்கே என்பதை உங்கள் சாதனப் பக்கத்தைப் பார்த்து மட்டும் செய்யுங்கள், யூடியூப் வீடியோவைப் பார்த்து அல்ல. ஏ/பி போன்களில் ‘காபி பார்ட்டிஷன்ஸ்’ என்ற சிறு கோப்பை ஏற்றச் சொல்லியிருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். லினேஜ் மறுபக்க ஸ்லாட்டில்தான் உட்காரும். அங்கே பழைய ஃபர்ம்வேர் கிடந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் போன் எழவே எழாது. ‘செத்துப் போகுமா’ என்று கேட்டீர்களே, சாகும் வழிகளில் இது ஒன்று.

ரிகவரியில் ஃபேக்டரி ரீசெட் போய் டேட்டாவை ஃபார்மேட் செய்யுங்கள். இதை விட்டால் பழைய என்கிரிப்ஷன் குறுக்கே நின்று, லினேஜ் லோகோ சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு ‘அப்ளை அப்டேட்’, ‘அப்ளை ஃப்ரம் ஏடிபி’; கணினியில், போனோடு பேசும் ஏடிபி கருவி வழியாக ‘ஏடிபி சைட்லோட்’ கொடுத்துக் கோப்பின் பெயர். பலர் பதறும் இடம் இது: கணினித் திரையில் 47 சதவீதத்தில் நின்று ‘ஃபெயில்ட் டு ரீட் கமாண்ட்: சக்சஸ்’ என்று வரும். தோல்வியும் வெற்றியும் ஒரே வரியில். ‘நோ எரர்’ என்று முடிந்தாலும் சரிதான், வேலை முடிந்துவிட்டது. கேபிளைப் பிடுங்காமல் போன் திரையைப் பாருங்கள்.

ப்ளே ஸ்டோர் வேண்டும் என்றால், போனை முதன்முறை இயக்கும் முன்பே ஜிஆப்ஸ் (கூகுள் செயலிகளின் தொகுப்பு) ஏற்றியாக வேண்டும். லினேஜ் 22 என்றால் ஆண்ட்ராய்டு 15க்கான கோப்பு, 23 என்றால் 16க்கானது. ஏ/பி போனில் இதற்கு முன் ஒருமுறை ரிகவரியிலிருந்து ரிகவரிக்கே ரீபூட் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஜிஆப்ஸ் பழைய ஸ்லாட்டுக்குள் போய் விழும். கையொப்பச் சோதனை தோற்றது என்று ரிகவரி சொல்லும். அது லினேஜின் கையொப்பம் இல்லாத கோப்பு என்பதால்தான், ‘யெஸ்’ கொடுங்கள். ஒருமுறை லினேஜுக்குள் போய் வந்தபின் ஜிஆப்ஸ் போட்டால் கூகுள் சேவைகள் வரிசையாக கிராஷ் ஆகும், மறுபடி ஃபார்மேட்தான். முதல் பூட் 15 நிமிடம் வரை எடுக்கலாம். அதற்கு மேல் போனால் ஏதோ ஒரு படி தவறியிருக்கிறது.

கூகுளே வேண்டாம் என்றால் எஃப்-டிராய்டு (திறந்தமூலச் செயலிகளின் இலவசக் கடை) போதும். தமிழில் தட்டச்ச இண்டிக் கீபோர்டு அங்கேயே கிடைக்கிறது, தமிழ்99 அதில் உண்டு.

லினேஜ் வழியாக ஆண்ட்ராய்டு பக்கத்துப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். சிப் நிறுவனத்தின் மூடிய ஃபர்ம்வேர் பழையதாகவே நிற்கும். செட்டிங்ஸில் ‘டிரஸ்ட்’ பகுதியில் இரண்டையும் தனித்தனியே பார்க்கலாம். பாதுகாப்புதான் முதல் நோக்கம் என்றால் லினேஜை விட கிராஃபீன் ஓஎஸ் மேல். ஆனால் பிக்சலுக்கு மட்டும். குரோம் உலாவியிலிருந்தே நிறுவலாம், பூட்லோடரைத் திரும்பப் பூட்டவும் முடியும். ஆண்ட்ராய்டு அல்லாத, லினக்ஸ் வகை உபுண்டு டச் என்றால் பெரும்பாலான போன்களில் வோல்ட்இ (4ஜி வழியே அழைப்பு) கிடையாது. ஜியோவில் 2ஜி, 3ஜி இல்லாததால் அழைப்பே போகாது. ஏர்டெல் சிம் 2ஜியில் விழுந்து பேச விடும்.

கடைசியாக, போனை உண்மையிலேயே கொல்லும் இன்னொரு தவறு: லினேஜ் இருக்கும்போதே ‘பாதுகாப்புக்காக’ பூட்லோடரைப் பூட்டுவது. பூட்டியதும் போன் தன் கம்பெனியின் கையொப்பத்தைத் தேடும், கிடைக்காது, எழாது. பழையபடி திரும்ப வேண்டும் என்றால் கம்பெனி மென்பொருளை முழுதாக ஏற்றி, ஒருமுறை அதற்குள் போய், ஓஇஎம் அன்லாக்கிங் அனுமதி இன்னும் இயக்கத்தில் இருப்பதை உறுதிசெய்து, அதன் பிறகே பூட்டுங்கள். ஷாவ்மியாக இருந்தால் இருப்பதைவிடப் பழைய பதிப்பை ஏற்றாதீர்கள், ஆன்டி ரோல்பேக் (பழைய பதிப்புக்குத் திரும்பவிடாத தடுப்பு) பிடித்துக்கொள்ளும். ‘ஃபாஸ்ட்பூட் கெட்வார் ஆன்டி’ என்று கொடுத்தால் வரும் எண்ணைவிட, ஏற்றும் கோப்பின் எண் குறையக் கூடாது.