வாசகர் கேள்வி – பதில்: புது பெல்ட் போட்ட பிறகும் கிரீச் சத்தம் ஏன்?

கேள்வி: என்னுடையது எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள் 'கிரீச்' என்று தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஏ.சி. போட்டால் மறுபடி வரும். மழை நாளில் இன்னும் மோசம். போன மாதம்தான் ஃபேன் பெல்ட் மாற்றினேன். மறுபடியும் மாற்ற வேண்டுமா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சத்தம் போடுவது பெல்ட்தான், ஆனால் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி இழந்த சார்ஜை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் (இந்த பெல்ட்டால் சுழன்று பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) முழு மூச்சாக வேலை செய்யும். அதன் புல்லி, அதாவது பெல்ட் சுற்றும் சக்கரம், சிறியது. பெல்ட் அதைச் சுற்றிப் பிடிக்கிற நீளமும் குறைவு. அதனால் பிடி தளர்ந்தால் முதலில் வழுக்குவது அங்கேதான். சார்ஜ் ஏறியதும் சுமை குறையும், சத்தம் நிற்கும். ஏ.சி. போட்டால் கம்ப்ரஸரின் சுமை சேர்ந்து மறுபடி வழுக்கும். பேட்டரி வயதாகிவிட்டால் சத்தம் நீளும் என்பதால் அதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

ஒரு பாட்டில் தண்ணீர் போதும், பாதி விடை கிடைத்துவிடும். இன்ஜின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) ஓடி, சத்தமும் வந்துகொண்டிருக்கும்போது, பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் கூடினால் டென்ஷன், அதாவது பெல்ட்டின் இறுக்கம், போதவில்லை. சட்டென்று நின்று, சில நொடியில் திரும்பினால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. எந்த மாற்றமும் இல்லையென்றால் பேரிங் (புல்லியை உரசாமல் சுழல வைக்கும் பாகம்) பக்கம் பாருங்கள். இதைச் செய்யும்போது துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கையில் வளையம் எதுவும் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் தானாகவே சுழலத் தொடங்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஆல்டர்னேட்டரை நகர்த்தி இறுக்கும் வகை என்றால், இரு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். 10 கிலோ அளவு அழுத்தத்துக்குச் சுமார் 10 மி.மீ. இறங்குவது பொதுக்கணக்கு. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. புது பெல்ட் ஓட ஓடக் கொஞ்சம் இளகும். போட்டவர் மறுபடி இறுக்கினாரா என்று கேளுங்கள். பலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும். சத்தம் போகவில்லையே என்று விறைப்பாக இறுக்கிவிட்டால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும், இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப்பின் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். தானாக இறுக்கும் டென்ஷனர் உள்ள வண்டியில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஐடிலில் டென்ஷனர் கை துள்ளினால் டென்ஷனரையே மாற்றுங்கள்.

பெல்ட்டின் முதுகில் '4பிகே 780' மாதிரி ஓர் எண் இருக்கும். முதல் எண் வரிகளின் எண்ணிக்கை, கடைசி எண் மில்லிமீட்டரில் நீளம். கடைக்காரர் 'இதுவும் சேரும்' என்று கொடுத்த சற்று நீளமான பெல்ட் இப்படித்தான் கத்தும். புல்லிப் பள்ளத்தில் ஆயிலோ கூலண்டோ படிந்திருந்தாலும் அதே கதை. கசிவை நிறுத்தாமல் எத்தனை பெல்ட் போட்டாலும் பயனில்லை.

பேரிங் சந்தேகம் இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். பல வண்டிகளில் வாட்டர் பம்ப் இந்த பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதற்கு மேல் வேண்டாம். சத்தம் இல்லையென்றால் அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றுங்கள். நறநறவென்று உரசுவதும், ஆட்டினால் ஆடுவதும்தான் குற்றவாளி. வாட்டர் பம்ப் புல்லி ஆடினால் தள்ளிப்போடாதீர்கள். பெல்ட் கழன்றால் சார்ஜ் நிற்கும், இன்ஜினும் சூடேறும்.

கேள்வி: பெல்ட்டில் சோப்பு தேய்த்தால் சத்தம் நிற்கும் என்கிறார்களே? – வாசகி, கரூர்

பதில்: நிற்கும், கொஞ்ச நேரம். பிறகு அந்தப் பிசுக்கில் புழுதி ஒட்டி முன்னைவிட மோசமாகும். எண்ணெய் ஸ்பிரே இன்னும் கெடுதல்; ரப்பர் ஊதிப்போய் பிடி போய்விடும்.

கேள்வி: கிளட்ச்சை மிதித்தால் மட்டும் கீச்சுச் சத்தம் வருகிறது. இதுவும் பெல்ட்டா? – வாசகர், விருதுநகர்

பதில்: இல்லை. மிதிக்கும்போது மட்டும் என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் காலை எடுத்ததும் வந்து, மிதித்தால் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிலீஸ் பேரிங் என்று உறுதியானால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கியர்பாக்ஸை இறக்குகிற கூலிதான் பெரிய செலவு, அதை இரண்டு தடவை கொடுப்பானேன்?