மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான கியூஎம்யூவில் ஒரே நினைவகம் எப்படி ‘ஷேர்டு’, ‘பிரைவேட்’ இரண்டுமாக இருக்க முடியும்?

குழப்பம் உங்களுடையது அல்ல, பெயர்களுடையது. ‘பிரைவேட்’ என்ற சொல் இங்கே இரண்டு வேலை பார்க்கிறது.

முதலாவது பழைய யூனிக்ஸ் பொருள். நினைவகத்தை ஒரு பிராசஸோடு (ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு) இணைக்கும் எம்மேப் அழைப்பில் ‘பிரைவேட்’ என்றால், நாம் எழுதுவது நம் பிராசஸுக்கான நகலில் மட்டும் விழும். ‘ஷேர்டு’ என்றால் அதே பக்கத்தை (நினைவகத்தின் சிறு துண்டை) வேறு பிராசஸும் பார்க்கும். கியூஎம்யூவின் ‘ஷேர்=ஆன்’ இதைத்தான் சொல்கிறது. கியூஎம்யூவுக்கு வெளியே சாதன வேலையைச் செய்யும் வீஹோஸ்ட்-யூசர் போன்ற தனி பிராசஸ், கெஸ்ட்டின் (உள்ளே ஓடும் மெய்நிகர் கணினியின்) நினைவகத்தைத் தொட இது வேண்டும்.

இரண்டாவது, கெஸ்ட்டின் நினைவகத்தைக் காக்கும் இன்டெலின் டிடிஎக்ஸ், ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி நுட்பங்கள் கொண்டுவந்த பொருள். அங்கே ‘பிரைவேட்’ என்றால் ஹோஸ்டே (கெஸ்ட்டை இயக்கும் கணினியே) படிக்க முடியாத, மறைகுறியாக்கிய நினைவகம். எம்மேப்புக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனால் எம்மேப் கணக்கில் ‘ஷேர்டு’ ஆன ஒரு ரேம் பிளாக்கில் (கெஸ்ட்டுக்கான நினைவகத் தொகுதியில்), கெஸ்ட்டின் ‘பிரைவேட்’ பக்கங்களும் இருக்கலாம். அந்தப் பக்கங்கள் கெஸ்ட்_மெம்எஃப்டி என்ற தனிக் கோப்பிலிருந்து வரும்.

சரி, ‘கெஸ்ட்_மெம்எஃப்டி’ என்று ஃப்ளாக் (அடையாளக் குறி) இருந்தாலே பிரைவேட்தானே? லினக்ஸ் 6.8-இல் அது வந்தபோது ஏறக்குறைய அப்படித்தான். அப்போது அதை எம்மேப் செய்யவே முடியாது; அதனால் ஹோஸ்ட் நிரல்கள் அதை எம்மேப் வழியாகத் தொட வழியில்லை. 6.18-இல் எம்மேப் அனுமதி வந்ததும் அந்தச் சமன்பாடு உடைந்தது. லினக்ஸின் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம்மும் தன் கட்டமைப்பு விருப்பத்தின் பெயரிலிருந்த ‘பிரைவேட்_மெம்’ பகுதியை ‘கெஸ்ட்_மெம்எஃப்டி’ என்று மாற்றியது. நல்ல மாற்றம்: நினைவகம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று, யார் பார்க்கலாம் என்பது வேறு.

என் வழக்கம்: குறிப்பு எழுதும்போது வெறும் ‘பிரைவேட்’ என்று விடாமல் ‘எம்மேப்-பிரைவேட்’, ‘கெஸ்ட்-பிரைவேட்’ என்று முன்னொட்டோடு எழுதுவேன்.