டோர்னமென்ட் போக்கரில் முதல் ஆளாக அடிக்கடி ரெய்ஸ் செய்வது நல்ல உத்தியா?

ஒன்பது பேர் மேசையில் முதல் ஆளாகப் பேசும் இடத்திலிருந்து உங்கள் நண்பர் விடாமல் ரெய்ஸ் செய்து (பந்தயத்தை உயர்த்தி) ஜெயிக்கிறார், நீங்களும் அப்படி ஆடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் ஜெயித்ததை விடுங்கள். அவருக்குப் பின்னால் எத்தனை பேர், எவ்வளவு சிப்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள்?

பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகை) 500/1,000, பிக் பிளைண்ட் ஆன்டி (பெரிய பிளைண்ட் போடுபவர் கூடுதலாகப் போடுவது) 1,000 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் கிடப்பது 2,500. நீங்கள் 2,500க்கு ரெய்ஸ் செய்கிறீர்கள். குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு இது கட்டுப்படியாக வேண்டுமானால், பாதித் தடவையாவது எல்லாரும் ஃபோல்டு செய்ய வேண்டும், அதாவது சீட்டை விட்டுவிட வேண்டும். பின்னால் எட்டுப் பேர் இருந்தால், ஒவ்வொருவரும் நூற்றுக்குச் சுமார் 92 கைகளை (கிடைக்கும் இரண்டு சீட்டுகளை) ஃபோல்டு செய்தாக வேண்டும். பட்டனிலிருந்து (டீலர் இருக்கையிலிருந்து) இதே ரெய்ஸ் என்றால் மிச்சம் பிளைண்ட் போட்ட இருவர்தான். தலைக்கு 71 போதும். யாராவது அதே தொகையைப் போட்டுக் கால் செய்தாலும் உங்கள் சில கைகள் ஜெயிக்கும், சரி. ஆனால் அந்த எட்டுப் பேரில் யாரிடமாவது குயின் ஜோடியோ அதற்கு மேலோ, இல்லை ஏஸ்-கிங்கோ இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று.

தீபாவளி சமயத்தில் சிங்கப்பூர் செங்காங்கில் நண்பர் வீட்டில் சின்ன டோர்னமென்ட் ஒன்று ஆடினோம். (தெரிந்தவர்கள் வீட்டில் கூடி ஆட 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் இடம் தருகிறது, வீட்டுக்காரர் கமிஷன் எடுக்காதவரை.) அண்ணன் ஒருவர் முதல் இருக்கையில், பெரிய ஸ்டாக்கோடு (நிறைய சிப்ஸோடு), சூட் சேராத ஏஸ்-ஜாக்கை வைத்து, மேலே சொன்ன அதே பிளைண்டில், 2,500 போட்டார். நடு இருக்கையில் 12,000 மட்டும் வைத்திருந்தவர் முறுக்கை மென்றுகொண்டே ஆல்-இன், அதாவது மொத்தத்தையும் போட்டார். இப்போது அண்ணன் 9,500 போட்டால் நடுவில் இருக்கும் 17,000 கிடைக்கலாம். அதற்கு 36 சதவீதமாவது ஜெயிக்கும் கை வேண்டும். எதிரே ஏஸ்-கிங்கோ ஏஸ்-குயினோ இருந்தால் ஏஸ்-ஜாக்குக்குச் சுமார் 25தான். அண்ணன் ரொம்ப நேரம் யோசித்தார். அந்த யோசனையை ரெய்ஸ் செய்யும் முன்பே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பின்னால் 10, 15 பிக் பிளைண்ட் அளவு சிப்ஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் வரிசையாக இருந்தால், ஆல்-இன் வந்தால் கால் செய்ய முடியாத கைகளை முதலிலேயே விட்டுவிடுவேன்.

பரிசுக்கு ஓரிரு இடம் முன்னால், பபுளில், நிலைமை வேறு. உங்களிடம் பெரிய ஸ்டாக், மற்றவர்களிடம் நடுத்தர ஸ்டாக் என்றால் தாராளமாக அடியுங்கள். வெளியே போகும் பயத்தில் நல்ல கையைக்கூட விடுவார்கள். அப்போதும் ஒரே சூட்டில் ஏஸ்-ஐந்து மாதிரிக் கை எனக்குப் பிடிக்கும். ஒரு ஏஸ் உங்களிடம் இருப்பதால், இன்னொருவருக்கு ஏஸ் ஜோடி அமையும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறைகின்றன.

உங்களிடமே பத்து பிக் பிளைண்ட் அளவு சிப்ஸ்தான் என்றால் சின்ன ரெய்ஸ் வேண்டாம். ஆல்-இன் அல்லது ஃபோல்டு.

அப்புறம், மேசை ஆறு பேராகக் குறைந்துவிட்டால் அதே இருக்கைக்குப் பின்னால் ஐந்து பேர்தான். அப்போது உங்கள் நண்பரின் ஆட்டத்தை ஓரளவுக்கு நானும் ஆடுவேன்.