கேள்வி பதில்: மாவோரி வார்டும் நம் பெங்களூரு வார்டும்

கேள்வி: ஐயா, என் மகள் நியூசிலாந்தில் பால்மர்ஸ்டன் நார்த் என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். 2025 அக்டோபரில் அங்கே நகரசபைத் தேர்தல். வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்ததாம், அதோடு அந்த நாட்டு ஆதிகுடிகளான மாவோரிகளுக்கென்று இருக்கும் மாவோரி வார்டு நீடிக்கட்டுமா வேண்டாமா என்று ஒரு கேள்வியும் இருந்ததாம். என் கணவர், "நம்ம ஊர் தனித்தொகுதி மாதிரிதான்" என்கிறார். அப்படியா? (அல்சூர் வாசகி)

பதில்: இல்லை அம்மா, கிட்டத்தட்ட நேர்மாறு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சி.வி. ராமன் நகர், புலகேசி நகர் என்று இரண்டு எஸ்.சி. தனித்தொகுதிகள் இருக்கின்றன. அங்கே நிற்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஆனால் ஓட்டுப் போடுவது அந்தத் தொகுதியில் உள்ள எல்லோரும்தான். மாவோரி வார்டில் நிற்பவர் மாவோரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. ஓட்டுப் போடுகிறவர்தான் மாவோரி வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். மாவோரி வம்சத்தவர் அந்தப் பட்டியலில் சேர்வதா, பொதுப் பட்டியலில் இருப்பதா என்பது அவரவர் விருப்பம். உங்கள் மகளைப் போல வெளியிலிருந்து போனவர்களுக்குப் பொதுப் பட்டியல் மட்டும்தான். ஒருவருக்கு இரண்டு பட்டியலிலும் பெயர் இருக்காது, அதனால் மாவோரிகளுக்குக் கூடுதலாக ஒரு ஓட்டு என்று யாராவது சொன்னால் அது பொய்.

நம் சரித்திரத்தில் இதற்குக் கிட்ட வருவது அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டில் கேட்ட தனி வாக்காளர் தொகுதி, அதாவது தாழ்த்தப்பட்டவர்கள் மட்டுமே ஓட்டுப் போட்டுத் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை. காந்தி உண்ணாவிரதம் இருந்தார், 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் வந்தது, இடங்களின் எண்ணிக்கை கூடியது, ஆனால் தனி வாக்கு போய்விட்டது. ஒரு தனித்தொகுதி உறுப்பினர் தன் மக்களுக்காக எவ்வளவு உரக்கப் பேச முடியும் என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை தீரவில்லை, ஏனென்றால் அவரை ஜெயிக்க வைப்பது மற்றவர்களின் ஓட்டு. மாவோரி வார்டில் அந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் அதை எடுப்பதற்கு ஊர் முழுக்க ஓட்டெடுப்பு எதற்கு? (அதே வாசகி, இரண்டாவது கேள்வி)

பதில்: இதுதான் எனக்கு மனசு ஆறாத இடம். நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 1867 முதலே மாவோரிகளுக்குத் தனி இடங்கள் உண்டு. அப்போது ஓட்டுரிமை தனி ஆள் பெயரில் உள்ள நிலத்தோடு கட்டப்பட்டிருந்தது, மாவோரி நிலமோ குலத்துக்குப் பொதுவானது, அதனால் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். தற்காலிகமாக ஐந்து வருடத்துக்கு என்று கொடுத்த நான்கு இடங்கள் நிலைத்து, இப்போது ஏழு. ஆனால் நகரசபைகளுக்கு அந்த வசதி 2000-களில்தான் சட்டமாக வந்தது, அதுவும் ஒரு கொக்கியோடு: சபை மாவோரி வார்டு அமைக்க முடிவு செய்தாலும், வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால் ஊர் முழுவதும் ஓட்டெடுப்பு நடத்தியாக வேண்டும், முடிவு சபையைக் கட்டுப்படுத்தும். கிராமப்புற வார்டு அமைத்தால் இந்த ஓட்டெடுப்பு கிடையாது. வேறு எந்த வார்டுக்கும் கிடையாது. மாவோரி வார்டுக்கு மட்டும்!

நியூ பிளிமத்தில் 2014-ல் மேயர் ஆண்ட்ரூ ஜட் காலத்தில் சபை ஒரு மாவோரி வார்டுக்கு ஒப்புதல் கொடுத்தது. அடுத்த வருடமே ஓட்டெடுப்பில் 83 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்த மேயர் மாவோரி அல்ல, ஆனாலும் அவர் பட்ட ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. 2016-ல் அவர் மறுபடி போட்டியிடவே இல்லை. 2021-ல் அரசு இந்த ஓட்டெடுப்பு விதியை நீக்கியது, உடனே 2022 தேர்தலில் 35 சபைகளில் மாவோரி இடங்கள் வந்துவிட்டன. அதாவது தடுத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு விதிதான். அப்புறம் ஆட்சி மாறியது, 2024-ல் விதி திரும்ப வந்தது, ஓட்டெடுப்பு இல்லாமல் வார்டு அமைத்த சபைகள் அதைக் கலைக்க வேண்டும், அல்லது 2025 தேர்தலோடு மக்களிடம் கேட்க வேண்டும் என்றார்கள். 42 சபைகளில் கேட்டார்கள். பாதிக்கு மேல் வேண்டாம் என்றே முடிவு வந்தது, அந்த ஊர்களில் 2028 தேர்தலில் இந்த வார்டுகள் இருக்காது. ஒரு சிறு சமூகத்துக்கு ஓர் இடம் வேண்டுமா என்று பெருங்கூட்டத்திடம் கேட்டால் பெரும்பாலும் என்ன பதில் வரும் என்பது கேட்கும் முன்பே தெரியும். உங்கள் மகளுக்கும் அந்த ஓட்டெடுப்பில் ஓட்டு இருந்தது. அடுத்த முறை வந்தால் பக்கத்து வீட்டு மாவோரிக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: பெங்களூரில் தமிழர்கள் இவ்வளவு பேர் இருக்கிறோம். நாமும் தமிழ் வார்டு கேட்டால் என்ன? (ஆஸ்டின் டவுன் வாசகர்)

பதில்: கேட்கக் கூடாது என்பது என் கருத்து. மாவோரிகள் அந்த மண்ணின் ஆதிகுடிகள், 1840-ல் வைதாங்கி ஒப்பந்தத்தில் ஆங்கிலேய அரசோடு கையெழுத்திட்டவர்கள். நாம் கண்டோன்மென்ட் காலத்திலிருந்து பட்டாளத்தோடும் வேலையோடும் வந்தவர்கள். இந்த ஊரில் நம் வேர் ஆழமானது, ஆனால் அது வேறு வகை உரிமை. நம் அரசியல் சாசனத்திலும் மொழிக்கு வார்டு கிடையாது. நகராட்சிகளுக்கான 243-T பிரிவு எஸ்.சி., எஸ்.டி., பெண்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது, பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்குவதை மாநிலத்தின் விருப்பத்துக்கு விடுகிறது, அவ்வளவுதான். காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்து ஆங்கிலோ இந்தியர்களுக்குச் சட்டமன்றத்தில் இருந்த ஒரு நியமன இடம்கூட 2020 ஜனவரியோடு போய்விட்டது.

நாம் பார்க்க வேண்டியது வார்டு எல்லையை. பிபிஎம்பி, அதாவது பெங்களூரு மாநகராட்சித் தேர்தல் 2015-ல் நடந்தது, 2020 செப்டம்பரில் சபையின் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஒரு கார்ப்பரேட்டர்கூட இல்லாமல் அதிகாரிகளே ஊரை நடத்தினார்கள். வார்டு எண்ணிக்கை மட்டும் 198, 243, 225 என்று மாறிக்கொண்டே இருந்தது. 2025-ல் மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து 369 வார்டு என்றார்கள், அதுவும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து.

கேள்வி: எல்லைக் கோடு போடும்போது நம்மிடம் கேட்க வேண்டாமா? அங்கே எப்படி? (நீலசந்திரா வாசகர்)

பதில்: அங்கே ஒவ்வொரு சபையும் ஆறு வருடத்துக்கு ஒரு முறையாவது எத்தனை உறுப்பினர், எத்தனை வார்டு, எல்லை எங்கே என்று மறு ஆய்வு செய்தாக வேண்டும். வரைவை வெளியிட்டுக் குறைந்தது ஒரு மாதம் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும், பேச விரும்புகிறவர்களை நேரில் அழைக்க வேண்டும், ஏற்காத கருத்துக்கு ஏன் ஏற்கவில்லை என்று எழுத வேண்டும். திருப்தி இல்லையென்றால் உள்ளாட்சி ஆணையத்திடம் மேல்முறையீடு. ஒரு உறுப்பினருக்கு எத்தனை மக்கள் என்பது எந்த வார்டிலும் ஊர் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, ஒன்றாகப் புழங்கும் மக்களைப் பிரிக்கவும் கூடாது; இரண்டும் மோதினால் ஆணையம் விதிவிலக்கு தரலாம். மாவோரி இடங்களின் எண்ணிக்கையும் கணக்குப்படிதான், மாவோரி வாக்காளர் மக்கள்தொகை ஐந்தில் ஒரு பங்கு என்றால் பத்து உறுப்பினர் சபையில் இரண்டு இடம்.

இங்கே 2025 வரைவுக்குக் கிடைத்தது பதினைந்து நாள். உங்கள் தெரு எந்த வார்டில் விழுந்தது என்று வரைபடத்தில் தேடிப் பிடிக்கவே அது போதாது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கு வந்ததும் எல்லைகளை மறுபடி தொடுவார்கள். அப்போது உங்கள் தெருவின் ரேஷன் கடை, பள்ளி, தண்ணீர் வால்வு எல்லாம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கன்னடக்காரர், உருதுக்காரர் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுங்கள், கன்னடத்திலேயே எழுதுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில், எங்கள் மனு என்ன ஆனது, யார் தள்ளுபடி செய்தார், காரணம் என்ன என்று கேளுங்கள்.