தெருவில் ஓடும் ரயில்: வாசகர் கேள்வி – பதில்

பொதுச் சாலையிலேயே தண்டவாளம் பதித்து ஓட்டப்படும் ரயில்களைப் பற்றிச் சென்ற மாதம் பல கடிதங்கள் வந்தன. பொருள் ஒன்றே என்பதால், அவற்றில் சிலவற்றை இந்த இதழில் ஒரே இடத்தில் தந்திருக்கிறோம்.

கேள்வி (தேனி வாசகி): டார்ஜிலிங் சென்று வந்த என் மகள் எடுத்த படமொன்றில், கடைகளுக்கு ஒரு முழ தூரத்தில் ரயில் செல்கிறது. ரயிலுக்கென்று தனிப் பாதை போடாமல் சாலையிலேயே ஏன் போட்டார்கள்? நம் ஊட்டி ரயில் அப்படி இல்லையே?

பதில்: அங்கே ரயிலுக்கு முன்பே சாலை வந்துவிட்டது என்பதுதான் காரணம். சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங் வரை ஹில் கார்ட் ரோடு என்னும் வண்டிச் சாலையை, 1860களில் மலைச்சரிவை வெட்டிப் பெரும் செலவில் ஆங்கிலேய அரசு அமைத்தது. மாட்டுவண்டிகளில் அரிசி மேலே போயிற்று, தேயிலை கீழே வந்தது. சமவெளியில் வாங்கிய அரிசி மலையேறி முடிவதற்குள் இரு மடங்குக்கும் மேல் விலை ஏறிவிடும். கிழக்கு வங்காள ரயில்வேயின் முகவராக இருந்த ஃபிராங்க்ளின் பிரெஸ்டேஜ் 1878-இல் ஒரு யோசனை சொன்னார். புதிதாக மலையை வெட்ட வேண்டாம், இருக்கிற சாலையின் ஓரத்திலேயே இரண்டடி அகலப் பாதை ஒன்றைப் போட்டுவிடலாம் என்பதே அது. 1879-இல் தொடங்கிய வேலை 1881 ஜூலையில் டார்ஜிலிங்கை எட்டியது. அந்த நிறுவனத்துக்கு முதலில் வைத்த பெயரே 'டார்ஜிலிங் நீராவி டிராம்வே' என்பதுதான். 1881 செப்டம்பரில்தான் அது 'டார்ஜிலிங் இமாலய ரயில்வே' ஆயிற்று. ஆகவே, சாலைக்குள் ரயில் புகுந்துவிட்டது என்பதைவிட, சாலையில் ஓடுவதற்கென்றே பிறந்த டிராம் பிற்பாடு ரயில் என்று பெயர் பெற்றது என்பதே பொருத்தமாக இருக்கும்.

மாடுகள் ஏறிவிடும், ஆனால் எஞ்சினால் ஏற இயலாது என்னும் அளவுக்குச் சாலை செங்குத்தாகும் இடங்களில் மட்டும் தண்டவாளம் சாலையை விட்டு விலகி ஒரு சுற்றுச் சுற்றி வரும். இடமில்லாத இடங்களில் முன்னே போய், பின்னே நகர்ந்து, மறுபடி முன்னே போய் உயரத்தைப் பிடிக்கும். கடல்மட்டத்துக்கு 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூம் நிலையத்தை இப்படித்தான், பல்சக்கரத்தின் துணையின்றியே எட்டுகிறது. நம் நீலகிரி ரயிலின் கதை வேறு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பல்சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. தண்டவாள மட்டத்துக்கு மேலே துருத்தி நிற்கும் அந்தச் சட்டம் வண்டிகளும் மனிதர்களும் புழங்கும் சாலைக்கு ஏற்றதன்று.

டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை நீராவி எஞ்சின் இழுக்கும் வண்டியில் நான் சென்றிருக்கிறேன். எஞ்சினின் முன்புறத்தில் இரண்டு பேர் குத்துக்காலிட்டு அமர்ந்து, ஈரத்தில் வழுக்கும் இடங்களில் தண்டவாளத்தின் மீது கைப்பிடி கைப்பிடியாக மணலைத் தூவிக்கொண்டே வந்தார்கள். ஊதல் சத்தம் கேட்டதும் கம்பளிக் கடைக்காரர் ஒருவர், வாசலுக்கு வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியை அதில் தொங்கிய ஸ்வெட்டர்களோடு தூக்கிச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ஜீப் ஓட்டுநர் ஒருவர் கையை வெளியே நீட்டிப் பக்கக் கண்ணாடியை மடக்கினார். கடைசிப் பெட்டி கடந்ததும் கழி பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. ஒருவர் முகத்திலும் பதற்றமில்லை. ஓடிப் பிடித்து ஏறிவிடலாம் என்னும் வேகத்தில் வண்டி வருவதும், அது வரும்போது மற்ற எல்லாரும் விலகிக்கொள்ள வேண்டும் என்பது அந்தத் தெருவில் தலைமுறை தலைமுறையாகப் பழகிப் போயிருப்பதுமே அதற்குக் காரணம். இந்தப் பாதையை 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எஞ்சினையும் வளைவுகளையும் போலவே அந்தக் கடைத்தெருப் பழக்கமும் காப்பாற்றப்பட வேண்டிய ஒன்று என்பது என் எண்ணம்.

கேள்வி (கோவை வாசகர், பொறியியல் மாணவர்): சாலையில் பதிக்கும் தண்டவாளமும் வழக்கமான தண்டவாளமும் ஒன்றுதானா? சைக்கிள் சக்கரம் அதில் மாட்டிக்கொள்ளாதா?

பதில்: ரயில் சக்கரத்தின் உட்புறத்தில் ஒரு விளிம்பு இருக்கும். சக்கரம் தடம் புரளாமல் காப்பது அதுவே. வழக்கமான பாதையில் தண்டவாளம் ஜல்லிக்கு மேலே நிற்பதால், அந்த விளிம்பு தாராளமாகச் சுழல இடம் இருக்கிறது. சாலையில் தண்டவாளத்தின் தலையும் சாலையின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் விளிம்பு ஓடுவதற்கு ஒரு பள்ளம் வேண்டும். ஆகவே தலையிலேயே நீளவாக்கில் பள்ளம் வைத்து உருட்டிய தனி வகைத் தண்டவாளத்தைப் பயன்படுத்துகிறார்கள். 'டிராம்' என்பதற்குத் தமிழில் 'அமிழ்தண்டூர்தி' என்று ஒரு சொல் ஆக்கியிருக்கிறார்கள். வழக்குக்கு வராவிட்டாலும், தண்டவாளம் தரைக்குள் அமிழ்ந்திருக்கிறது என்னும் முக்கியமான உண்மையை அந்தச் சொல் சரியாகப் பிடித்திருக்கிறது.

அந்தப் பள்ளத்தில் சைக்கிள் சக்கரம் மாட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். தண்டவாளத்தை ஒட்டிச் சாய்வாகக் கடப்பவர்தான் விழுவார். நேர்க்குத்தாகக் கடப்பவருக்கு ஆபத்து குறைவு. மழையில் நனைந்த எஃகு மேலும் வழுக்கும். மண்ணும் இலையும் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் அதை இடைவிடாமல் சுத்தம் செய்ய வேண்டும். மின்சார டிராமில் மின்சாரம் திரும்பிச் செல்லும் வழியாகவும் தண்டவாளமே இருப்பதால், இணைப்புகள் பழுதானால் மின்னோட்டம் மண்ணுக்குள் கசிந்து அருகிலுள்ள இரும்புக் குடிநீர்க் குழாய்களை அரித்துவிடும். இவற்றைவிடப் பெரிய சிக்கல், வண்டியை நிறுத்துவது. எஃகின் மீது எஃகு உருளும்போது உராய்வு குறைவு. இழுக்கும் செலவு குறைவதற்கும், நிறுத்த அதிக தூரம் பிடிப்பதற்கும் அது ஒன்றே காரணம். அதனால்தான் டிராம்களில், சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக்குக்கு மேலாக, தண்டவாளத்தையே காந்தத்தால் கவ்விப் பிடிக்கும் பிரேக்கும் வைக்கிறார்கள்.

கேள்வி (சென்னை, புரசைவாக்கம் வாசகர்): எங்கள் தாத்தா டிராமில் வேலைக்குப் போன கதையை அடிக்கடி சொல்வார். இந்தியாவிலேயே முதல் டிராம் சென்னையில்தான் ஓடியது என்பது சரியா?

பதில்: பாதி சரி. இந்தியாவின் முதல் டிராம் 1873-இல் கல்கத்தாவில் ஓடியது; ஆனால் அதை இழுத்தவை குதிரைகள். மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் என்றால் அந்தப் பெருமை சென்னைக்கே உரியது. 1895 மே 7 அன்று அது தொடங்கியபோது லண்டன் மாநகரின் தெருக்களில்கூட மின்சார டிராம் இல்லை. கல்கத்தாவுக்கு 1902-இலும் பம்பாய்க்கு 1907-இலும்தான் மின்சார டிராம் வந்தது. கொழும்புத் தமிழர்களுக்கும் டிராம் நினைவு உண்டு. அங்கே அது 1899-இல் தொடங்கி 1960 வரை ஓடியது.

சென்னையில் முதலில் மேலே கம்பி கட்டவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே தரைக்கடியில் ஒரு கால்வாய் அமைத்து, அதற்குள் மின்கம்பியை ஓடவிட்டு, சாலையில் இருந்த மெல்லிய பிளவின் வழியாக வண்டியிலிருந்து ஒரு நாக்கு கீழே இறங்கி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். நகரின் அழகு கெடாத நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் வடகிழக்குப் பருவமழையை அது தாங்கவில்லை. கால்வாயில் நீர் நிறைந்ததும் டிராம் நின்றது. சில மழைக்காலங்களைப் பார்த்த பிறகு, கம்பியைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். மௌன்ட் ரோடு, பாரிமுனை, பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று நகரத்தின் முக்கியமான தெருக்களிலெல்லாம் அது ஓடிற்று. 1921-இல் 97 வண்டிகளும் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் பாதையும் இருந்தன. பிறகு பஸ்கள் பெருகின, நிறுவனம் நட்டத்தில் மூழ்கியது, 1953 ஏப்ரலில் டிராம் நின்றேபோனது. உங்கள் தாத்தா சொன்னவற்றை, எந்தத் தெருவில் ஏறினார், எங்கே இறங்கினார், எவ்வளவு காசு கொடுத்தார் என்று நீங்கள் எழுதி வைக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். அந்த டிராமில் சென்றவர்களின் நினைவுகள் எழுத்தில் மிகக் குறைவாகவே இருக்கின்றன.

கேள்வி (மதுரை வாசகி): டிராம் சிறியது, மெதுவாகப் போகும். முழு அளவு ரயிலே தெருவில் ஓடியது உண்டா?

பதில்: உண்டு, அதில் உயிர்ப்பலியும் உண்டு. நியூயார்க்கின் மேற்குப் பகுதியில் பத்தாம் அவென்யூவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சரக்கு ரயில்கள் தெரு மட்டத்திலேயே ஓடின. குழந்தைகள் உட்பட அடிபட்டு இறந்தவர்கள் பலர் என்பதால் மக்கள் அந்தத் தெருவுக்கு 'மரண அவென்யூ' என்றே பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் முன்னால் குதிரை மீது ஒருவர், பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் ஏந்தி மக்களை விலக்கிக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது. 1934-இல் உயரத்தில் தனிப் பாதை கட்டி முடித்த பிறகே தெரு ரயில் படிப்படியாக ஓய்ந்தது. கடைசிக் குதிரைக்காரர் 1941 வரை வேலை செய்தார். அந்த உயரப் பாதையும் பிற்காலத்தில் கைவிடப்பட்டு, 2009 முதல் 'ஹை லைன்' என்னும் பூங்காவாக இருக்கிறது.

சிகாகோவுக்குக் கிழக்கே மிச்சிகன் சிட்டி என்ற ஊரிலோ, பெரிய மின்சாரப் பயணிகள் ரயில்கள் 1908 முதல் வீட்டு வாசல்களை ஒட்டி, கார்களோடு கார்களாக ஓடிக்கொண்டிருந்தன. 2022 பிப்ரவரியில்தான் அதை நிறுத்தி, தனியான இரட்டைப் பாதை அமைத்தார்கள். நியூயார்க்கில் ஓடியது, அந்தத் தெருவாசிகள் யாரும் ஏறமுடியாத சரக்கு ரயில். ஆபத்து தெருவுக்கு, ஆதாயம் வேறு யாருக்கோ என்பதுதான் அங்கே நிகழ்ந்த அநியாயம். மிச்சிகன் சிட்டியில் ஊரார் தம் தெருவிலேயே ஏறி சிகாகோ வரை போகமுடிந்தது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது சரியாகாது.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): தாய்லாந்தில் காய்கறிச் சந்தைக்குள் ரயில் வருவதைக் காணொளியில் பார்த்தேன். அதுவும் இந்த வகைதானா?

பதில்: இல்லை, அது நேர்மாறானது. பாங்காக்குக்குத் தென்மேற்கே மேக்லாங்கில் தண்டவாளம் 1905-இல் வந்தது. அதன் மீது சந்தை படர்ந்தது. ரயில் வரும்போது வியாபாரிகள் மறைப்புத் துணிகளை மடக்கி, சக்கரம் வைத்த தட்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். ஹனோயில் வீடுகளுக்கு நடுவே செல்லும் ரயில் பாதையும் இதைப் போன்றதே. அங்கே சுற்றுலாப் பயணிகள் தண்டவாளத்தில் நின்று படமெடுக்கத் தொடங்கியதால், 2019 அக்டோபரில் அதிகாரிகள் அங்கிருந்த காபிக் கடைகளை மூடச் சொன்னார்கள். நேரம் அறிந்து விலகும் வியாபாரிக்கு இல்லாத ஆபத்து, படமெடுக்க வந்த வெளியூர்க்காரருக்கு இருக்கிறது.

கேள்வி (திருச்சி வாசகர்): போக்குவரத்து நெரிசலுக்குக் காரணம் என்று கொல்கத்தாவில் டிராமை நிறுத்துகிறார்களாம். நியாயம்தானே?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு, மைதானம் – எஸ்பிளனேடு பாதையை மட்டும் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடப்போவதாக அறிவித்தது. கொல்கத்தாவின் அகன்ற சாலைகள் பலவற்றில் டிராமுக்கென்று நடுவில் தனிப் பாதை ஒரு காலத்தில் இருந்தது. பின்னர் அதன் மேல் தார் போட்டுக் கார்களுக்கும் திறந்துவிட்டார்கள். டிராமால் விலகிச் செல்ல முடியாது. முன்னால் ஒரு கார் நின்றுவிட்டால் அதன் பின்னால் காத்துக் கிடக்கத்தான் முடியும். ஏறும் பயணியும் ஓடுகிற வாகனங்களைக் கடந்து சாலையின் நடுவுக்கு வர வேண்டியதாயிற்று. தாமதமும் ஆபத்தும் இப்படி வந்த பிறகு, பழி மட்டும் டிராம் மீது விழுந்தது.

டிராமை ஒழித்த பிரான்ஸ் நகரங்கள் மறுபடி அதைக் கொண்டுவந்திருக்கின்றன. 1985-இல் நான்ட் நகரமும், 1994-இல் ஸ்ட்ராஸ்பூர்கும் தொடங்கின. சென்னையின் பழைய கனவைப் போல், 2003 முதல் போர்தோ நகரத்தில் மேலே கம்பியில்லாமல் தரையிலிருந்தே மின்சாரம் எடுக்கிறார்கள். தண்டவாளங்களின் நடுவிலுள்ள மின்பட்டையில், வண்டி எந்தத் துண்டின் மேல் இருக்கிறதோ அதற்கு மட்டும் மின்சாரம் வரும் என்பதால் நடப்பவர் மிதித்தாலும் ஆபத்தில்லை. தொடக்கத்தில் அங்கும் கோளாறுகள் இருந்தன. ஆனால் விடாமல் திருத்தினார்கள்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): அடுத்த ஆண்டு குடும்பத்தோடு ஜப்பான் செல்கிறோம். இப்படிப்பட்ட ரயில் அங்கே உண்டா?

பதில்: தோக்கியோவுக்குத் தெற்கே புஜிசாவாவிலிருந்து காமகுரா வரை செல்லும் எனோடென் ரயிலில் ஏறுங்கள். 1902-இல் தொடங்கிய இந்தப் பாதை 10 கிலோமீட்டர்தான். எனோஷிமா நிலையத்தை விட்டதும் நான்கு பெட்டி ரயில் சாலையின் நடுவுக்கு வந்துவிடும். எதிரே வரும் கார்கள் ஓரம் ஒதுங்கி நிற்கும். அடுத்த நிலையமான கோஷிகோயேயில் நடைமேடை குட்டை என்பதால் காமகுரா பக்கத்துப் பெட்டியின் கதவுகள் திறக்காது. இறங்கி நின்று வேடிக்கை பார்க்க விரும்பினால் அந்தப் பெட்டியில் ஏறாதீர்கள்.