கணக்கை மனப்பாடமா படிப்பிக்கிறதா, விளங்கப்படுத்திப் படிப்பிக்கிறதா? எது சரி?

நான் மட்டக்களப்பில படுவான்கரைப் பக்கம் பத்தாம் பதினொராம் வகுப்புப் புள்ளையளுக்கு பின்னேரத்தில கணக்கு ரியூசன் குடுக்கிறவன். பெரிய ஆய்வாளன் ஒண்டும் இல்ல, கண்ணால கண்டதத்தான் சொல்றன்.

என்னட்ட ஒரு பொடியன் வாறான். தகப்பன் வயல் காலத்தில வெட்டு மெசின் ஓட்டுறவர், இவன்தான் கூடப்போய் கொப்பியில ஏக்கர் கணக்கு வைக்கிறது. ஒருநாள் சும்மா கேட்டன், மனே ஏக்கருக்கு 12,500 எண்டா மூண்டரை ஏக்கருக்கு எவ்வளவு எண்டு. "மூண்டுக்கு முப்பத்தேழு ஐநூறு, அரைக்கு ஆறாயிரத்து இருநூத்தம்பது, மொத்தம் 43,750 சேர்" எண்டு நான் வாய் மூட முதல் சொல்லிட்டான். மறுகா அடுத்த கிழமை அதே கணக்க 12500 × 3.5 எண்டு போர்ட்டில எழுதிக் குடுத்தன். தசமத்த விட்டுட்டு 437500 எண்டு விடை எழுதி, கீழ ரெண்டு கோடும் போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டான். மூண்டரை ஏக்கருக்கு நாலு லட்சத்துக்கு மேல ஆரடா குடுப்பான் எண்டு கேட்டா சிரிக்கான். "சேர் அது காசு, இது கணக்கு."

இது நம்மட ஊருக்கு மட்டும் உள்ள வருத்தம் இல்ல. பிரேசில்ல ரெசிஃபி நகரத்தில ரோட்டில சாமான் விக்கிற அஞ்சு புள்ளையள வச்சு செய்த ஆய்வு ஒண்டு 1985ல வந்தது. வியாபாரத்துக்குள்ள கேட்டா 98 வீதம் சரி, அதே மாதிரிக் கணக்க வெறும் இலக்கமா தாளில குடுத்தா 37 வீதம்தான். ஒரு தேங்காய் 35 எண்டா பத்துத் தேங்காய் எவ்வளவு எண்டு கேக்க ஒரு பொடியன் மூண்டு 105, இன்னும் மூண்டு 210, இன்னும் மூண்டு 315, இன்னொண்டு, 350 எண்டு கூட்டிக்கொண்டே போயிருக்கான். பக்கத்தில ஒரு பூச்சியம் போட்டாக் காணும் எண்ட விசயம் அவனுக்குத் தேவைப்படவே இல்ல பாருங்க.

அப்ப விளங்கப்படுத்துற கட்சிதான் சரியா எண்டா, அங்கயும் எனக்கு முழுசா மனசு வரல்ல. 2007ல நம்மட பள்ளிக்கூடங்களுக்கு 5ஈ முறை (இங்கிலீஷ் E எழுத்தில தொடங்குற அஞ்சு படி) எண்டு கொண்டு வந்தாங்க, புள்ளைய ஈடுபடுத்தி, தேடவிட்டு, மறுகா விளக்கம் குடுக்கிற முறை. யோசனை நல்லதுதான். ஆனா நாப்பது நிமிச பாடத்தில பிரிஸ்டல் போர்ட் மட்டை வெட்டி குறூப் பிரிச்சு முடியவே மணி அடிச்சிரும், விளக்கம் நாளைக்கு, நாளைக்கு வேற ஒரு செயற்பாடு. அதோட வாய்ப்பாடு கேக்கிறதே ஏதோ பழைய காலத்துக் கொடுமை மாதிரி ஆகிட்டு. எக்ஸ் வர்க்கம் + 15 எக்ஸ் + 56 எண்டத காரணிப்படுத்தச் சொன்னா, 56 எண்டவுடன ஏழும் எட்டும் கண்ணுல தெரியணும், கூட்டினா 15 வருது, கதை முடிஞ்சு. ஏழாம் வாய்ப்பாடு தெரியாத புள்ள 1, 56 எண்டு தொடங்கி விரல் மடிச்சு 4, 14க்கு வாறதுக்குள்ள என்னத்துக்கு இதச் செய்யிறோம் எண்டதையே மறந்திரும். விளங்காததால இல்ல, கைல சாமான் இல்லாததால. பதினொராம் வகுப்பு முடிவில எழுதுற ஓ/எல் சோதனைக்கு கல்குலேட்டரும் கொண்டுபோக ஏலாது.

நான் இப்ப செய்யிறது சின்ன விசயம். எந்தக் கணக்கு செய்யிறதுக்கும் முதல் ஓரத்தில பென்சிலால மட்டுமட்டா எவ்வளவு வரும் எண்டு எழுதணும், பிழையா எழுதினாலும் பரவாயில்ல, எழுதாம விடத்தான் ஏலாது. வாய்ப்பாடும் ஒவ்வொரு நாளும் அஞ்சு நிமிசம் கேப்பன், அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல. மெசின்காரர்ர பொடியன் முதல் ரெண்டு கிழமை செய்து முடிச்சுப்போட்டு பிறகுதான் ஓரத்தில எழுதினவன், எனக்குத் தெரியாது எண்டு நினைச்சிருக்கான். இப்ப ஒழுங்கா எழுதுறான், ஒருக்கா தானாவே "சேர் இது வராது, கிட்டத்தட்ட நாப்பதுக்குள்ள நிக்கணும்" எண்டு விடைய வெட்டினான்.

ஆனா ஓ/எல்ல கணக்கு பாஸ் இல்லாட்டி அடுத்த படிப்பான ஏ/எல்லுக்குப் போறது கஷ்டம், 35 புள்ளி எடுத்தா பாஸ், அந்தப் பயம் தாய் தகப்பனுக்கு. போன கிழமை மெசின்காரர்ர பொடியன்ட அம்மா வாசல்ல வந்து நிண்டா. "சேர், ஓரத்தில பென்சிலால எழுதுறதுக்கு எத்தின புள்ளி குடுப்பாங்க? பழைய சோதனைப் பேப்பர் எப்ப செய்விப்பீங்க?"

ஒரு புள்ளியும் இல்லம்மா எண்டன். பழைய பேப்பர் தை மாசம் தொடங்குறம்.